குளியலறைத் தரைக்கு டைல்ஸ் கோலம்: தண்ணீர் ஜாலியில் தொடங்கும் முழுமையான வழிகாட்டி

குமரி மாவட்டத்தில் குழித்துறைப் பக்கம் நாங்கள் வீடு கட்டியபோது குளியலறைத் தரைக்கு நானே ஒரு படம் வரைந்தேன். நடுவில் எட்டு இதழ்ப் பூ, சுற்றிலும் கொடி. ஓணத்துக்கு அத்தம் முதல் திருவோணம் வரை பத்து நாளும் முற்றத்தில் பூக்களம் போட்டுப் பழகிய கை என்பதால் படம் நன்றாகவே வந்தது. வயதான மேஸ்திரி தாளை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "மக்களே, பூ கொள்ளாம். ஜாலி எங்க வருது?"

தரைத் தண்ணீர் இறங்கும் துளைத் தட்டைத்தான் ஜாலி என்பார்கள். என்னிடம் பதில் இல்லை. எங்கேயாவது ஓரமாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். ஜாலி ஒரு இதழைப் பாதியாகத் தின்றது. பெரிய டைல்களை அந்த ஓரத்துக்குச் சாய்க்க முடியாமல் பூவின் நடுவிலேயே தண்ணீர் தேங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை அம்மா எண்ணெய் தேய்த்துக் குளித்தபோது அங்கே வழுக்கி விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அந்தத் தரையை உடைத்துவிட்டு, ஜாலியில் தொடங்கி மறுபடி வரைந்தேன். அதன் பிறகு உறவிலும் அக்கம்பக்கத்திலும் கேட்டவர்களுக்கெல்லாம் இதே வரிசையில்தான் வரைந்து கொடுக்கிறேன்.

முதலில் தண்ணீர் போகும் வழி

கையில் டைல்ஸ் பட்டியல் வருவதற்கு முன் குழாய் வேலை செய்பவரை அழைத்து, நானி ட்ராப் (ஜாலிக்கு அடியில் தண்ணீரை வாங்கிக் கழிவுக் குழாய்க்கு விடும் கிண்ணம்) எந்த இடத்தில், சுவரிலிருந்து எத்தனை அங்குலத்தில் உட்காரும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஜாலியையும் இப்போதே வாங்கிவிடுங்கள். அதன் அளவும் உங்கள் படத்தில் ஒரு கட்டம்தான்.

அடுத்தது சாய்வு. குளிக்கும் இடத்தில் 1 அடிக்கு கால் அங்குலம், அதாவது ஏறக்குறைய 50க்கு 1. கம்மோடும் கை கழுவும் பேசினும் இருக்கும் பகுதிக்கு 100க்கு 1 போதும். கண்ணுக்குத் தெரியாத இந்தச் சாய்வுதான் எந்த வடிவம் பொருந்தும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஒரே திசையில் சாயும் தரை ஒரு பலகையைச் சாய்த்து வைத்தது போல. அதில் எவ்வளவு பெரிய டைலும் உட்காரும், கோடுகளும் நேராக நிற்கும். ஜாலி நடுவில் இருந்து நான்கு பக்கமும் அதை நோக்கிச் சாய்ந்தால் தரை மடித்த உறை போல நான்கு முக்கோணங்களாக உடையும். 2 அடி டைலை அங்கே போட்டால் குறுக்காக வெட்டித்தான் மடிக்க முடியும். அந்த வெட்டுக்கோடு உங்கள் கோலத்தின் மேலேயே ஓடும்.

ஆகவே இரண்டு வழி உண்டு. குளிக்கும் பகுதியின் கடைசிச் சுவரை ஒட்டி நீளமான வடிகால் வைத்தால் ஒரே சாய்வு போதும், வடிவம் உங்கள் விருப்பம். வழக்கமான சதுர ஜாலிதான் என்றால் அந்தப் பகுதியில் 4 அங்குலமோ அதற்குக் குறைவோ உள்ள சின்ன டைல் அல்லது தாளில் ஒட்டி வரும் சின்னஞ்சிறு மொசைக் துண்டுகள் போடுங்கள். சின்னத் துண்டுகள் சாய்வோடு வளைந்துகொடுக்கும். இணைப்புகள் நிறைய இருப்பதால் காலுக்கும் பிடிப்பு கிடைக்கும்.

இதிலிருந்து நான் விடாமல் பிடித்துக்கொள்ளும் ஒரு முறை பிறந்தது. அலங்காரம் உலர்ந்த பகுதிக்கு, சின்ன ஒற்றை நிறம் ஈரப் பகுதிக்கு. முழுத் தரைக்கும் ஒரே படம் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களிடம் நான் கொஞ்சம் வாதாடுவதுண்டு.

அளவெடுப்பது

செங்கல் சுவர் தெரியும்போது எடுத்த அளவு உதவாது. பூச்சு, டைல் ஒட்டும் பேஸ்ட், சுவர் டைல் எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு பக்கமும் ஓரிரு அங்குலத்தைத் தின்றுவிடும். எங்கள் பக்கம் பெரும்பாலும் சுவர் டைல்ஸை முதலில் ஒட்டி, கீழ் வரிசையை மட்டும் விட்டுவைத்து, தரை முடிந்த பின் அதன் மேல் அந்த வரிசையை உட்கார வைப்பார்கள். தரை டைலின் ஓரம் அதற்குள் ஒளிந்துகொள்ளும். கண்ணுக்குத் தெரியப்போவது சுவர் டைலின் முகத்திலிருந்து எதிர்ச் சுவர் டைலின் முகம் வரை. படத்துக்கு அந்த அளவுதான் வேண்டும்.

நீளம், அகலம் இரண்டையும் மூன்று மூன்று இடத்தில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் எடுங்கள். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் அறை கோணல். மூலை சரிதானா என்று பார்க்க, ஒரு சுவரில் 3 அடியும் அடுத்த சுவரில் 4 அடியும் குறித்து அவற்றுக்கு இடையே அளந்தால் சரியாக 5 அடி வர வேண்டும். கோணலான அறையில் கட்டம் போட்ட வடிவம் சுவரோரத்தில் ஆப்பு போலத் தெரியும். அங்கே சுற்றிலும் ஒற்றை நிறக் கரை வைப்பதே வழி. கரையில் ஏற்றத்தாழ்வு அவ்வளவாகக் கண்ணில் படாது.

எடுத்த அளவைக் கணக்கு நோட்டின் கட்டத் தாளில் வரையுங்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, கம்மோடு நிற்கும் இடம், பேசின், ஜாலி எல்லாம் அதில் வர வேண்டும். தரையில் நிற்கும் கம்மோடு நிறைய இடத்தை மறைக்கும். நடுவில் ஒற்றைப் பெரிய பூ வைக்க ஆசைப்படுபவர்கள் இதைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். திரும்பத் திரும்ப வரும் வடிவத்தில் நான்கைந்து துண்டு மறைந்தாலும் கண் அதை நிரப்பிக்கொள்ளும். ஒற்றைப் பூவில் ஒரு இதழ் மறைந்தால் அது குறையாகவே நிற்கும்.

கடையில் என்ன பார்க்க வேண்டும்

இந்தியாவில் விற்கும் டைல்ஸில் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியிலிருந்து வருகிறது. பெட்டியின் மேல் நிறைய அச்சிட்டிருப்பார்கள். அதில் மூன்று விஷயம் போதும்.

ஒன்று, நீர் உறிஞ்சும் அளவு. கண்ணாடி போல இறுகச் சுட்ட விட்ரிஃபைட் டைல் 0.5 சதவீதத்துக்கும் குறைவாக உறிஞ்சும். செராமிக் தரை டைல் 3 முதல் 6 சதவீதம். சுவர் டைல் 10 சதவீதத்துக்கும் மேல். அழகாக இருக்கிறது என்று சுவர் டைலைத் தரையில் போடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். அது மெலிவு, மேற்பூச்சும் வழவழப்பு.

இரண்டு, வழுக்கல் எண். ஆர்9 முதல் ஆர்13 வரை இருக்கும், எண் கூடக் கூடப் பிடிப்பு கூடும். உலர்ந்த பகுதிக்கு ஆர்10, குளிக்கும் இடத்துக்கு ஆர்11 கேளுங்கள். எண் எழுதாத டைல் என்றால், கடையிலேயே ஒன்றைத் தரையில் வைத்து, தண்ணீரோடு இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயும் விட்டு வெறுங்காலால் தேய்த்துப் பாருங்கள். நம் வீடுகளில் எண்ணெயும் செம்பருத்தி இலையைக் கசக்கி எடுத்த தாளியும் இல்லாத குளியல் ஏது? வெறும் தண்ணீரில் வழுக்காத டைல் எண்ணெயில் வழுக்கும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

மூன்று, நிறத் தொகுதி எண். ஒரே பெயருள்ள டைலில் தொகுதி மாறினால் நிறம் ஒரு சாயல் மாறும், சில நேரம் அளவும் ஒரு மில்லிமீட்டர் மாறும். எல்லாப் பெட்டியிலும் ஒரே எண் இருக்கிறதா என்று வண்டியில் ஏற்றும் முன் பாருங்கள்.

ஆத்தங்குடி டைல் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். கண்ணாடித் தட்டின் மேல் நிறக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் சேர்த்துக் கையால் செய்து, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது அது. சூளையில் சுடுவதில்லை. நடக்க நடக்கப் பளபளப்பு ஏறும் என்பதால் கூடத்துக்கும் திண்ணைக்கும் அதைவிட நல்லது இல்லை. ஆனால் சிமெண்ட் தண்ணீரையும் எண்ணெயையும் குடிக்கும். குளிக்கும் இடத்தில் கறை இறங்கிவிடும். அந்த அழகு வேண்டுமானால் அதே வடிவத்தை அச்சிட்ட, பளபளப்பில்லாத மேட் விட்ரிஃபைட் டைலை வாங்குங்கள்.

தக்கலைக்குப் பக்கத்துப் பத்மநாபபுரம் அரண்மனையின் கறுத்த தரையைப் பார்த்துவிட்டு அப்படி ஒன்று வேண்டும் என்பவர்களும் உண்டு. சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துச் செய்தது என்று சொல்லப்படும் அந்தத் தரையில் முகம் தெரியும். முகம் தெரியும் தரை ஈரமான காலுக்கு ஆகாது.

வடிவத்தைத் தேர்வது: நேர்ப்புள்ளியும் சந்துப்புள்ளியும்

கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு டைல்ஸ் வடிவம் புதிது இல்லை. ஒவ்வொரு டைலின் நடுவையும் ஒரு புள்ளியாக நினைத்துக்கொள்ளுங்கள்.

புள்ளிகள் ஒன்றுக்கு நேர் கீழே ஒன்றாக நின்றால் நேர்ப்புள்ளி. சதுர டைலைச் சாதாரணமாக அடுக்குவது இதுதான். இரண்டு நிறத்தை மாற்றி மாற்றி வைத்தால் சதுரங்கப் பலகை. அதையே 45 பாகை திருப்பினால் வைரக் கட்டம். சின்ன அறையை இது கொஞ்சம் அகலமாகக் காட்டும், ஆனால் நான்கு சுவரோரமும் முக்கோண வெட்டுகள் வரும். திருப்பியபின் எண்ணிக்கையை டைலின் பக்கத்தால் போடக் கூடாது, குறுக்களவால் போட வேண்டும். 200 மி.மீ. டைலின் குறுக்களவு 283 மி.மீ.

இரண்டு புள்ளிக்கு நடுவே அடுத்த வரிசைப் புள்ளி விழுந்தால் சந்துப்புள்ளி. நீள டைலைச் செங்கல் கட்டு போல அடுக்கினால் இது வரும். இங்கே ஒரு எச்சரிக்கை உண்டு. ஒன்றேகால் அடிக்கு மேல் நீளமான டைல் சூளையில் நடுப்பகுதி லேசாக வளைந்துதான் வரும். பாதிக்குப் பாதி தள்ளி வைத்தால் ஒன்றின் மேடான நடுவும் அடுத்ததின் தாழ்ந்த முனையும் அருகருகே வந்து காலில் தட்டும். மூன்றில் ஒரு பங்கு மட்டும் தள்ளி வையுங்கள்.

அறுகோண டைலும் சந்துப்புள்ளிதான். '15 புள்ளி, 8 வரை' என்று மார்கழியில் போடுகிறோமே, நடு வரிசையில் 15 வைத்து இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாகக் குறைத்து 8இல் நிறுத்துவது, அந்தப் புள்ளிகளைச் சுற்றி அறுகோணங்கள் வரைந்தால் 169 டைல் கொண்ட தேன்கூடு கிடைக்கும். விரல் அளவு அறுகோண மொசைக்கில் இப்படி ஒரு பூவை எண்ணி வைக்கலாம். குளிக்கும் பகுதிக்கே கூட அது சரிப்படும்.

பெரிய சதுரமும் சின்னச் சதுரமும் கலந்து காற்றாடி போலச் சுழலும் அடுக்கு ஒன்று உண்டு. பித்தாகரஸ் தேற்றத்துக்கான நிரூபணம் ஒன்று அந்த அடுக்கிலேயே இருக்கிறது. அழகானதுதான், ஆனால் ஓர வெட்டுகள் ஒன்றுபோல் வராது. முதல் தரைக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. மூலைக்கு மூலை கோடு போட்டு ஒரு பாதி கறுப்பு, ஒரு பாதி வெள்ளை என்று பிரித்த சதுர டைல். அதை நான்கு விதமாகத் திருப்பி வைக்கலாம். நான்கு டைலைச் சதுரமாக அடுக்கினால் 256 விதமான அமைப்பு வரும். செபாஸ்தியன் த்ருஷே என்ற பிரெஞ்சுத் துறவி இந்த டைல்களைப் பார்த்து வியந்து 1704இல் கட்டுரையே எழுதினார். கறுப்புப் பாதிகள் நான்கும் நடுவில் கூடினால் வைரம். ஒவ்வொன்றும் முந்தையதிலிருந்து கால் சுற்று திரும்பி ஒன்றையொன்று துரத்தினால் காற்றாடி. எல்லாம் ஒரே பக்கம் பார்த்தால் சாய்ந்த பற்கள். ஒரே டைலை வாங்கினால் போதும், வடிவம் முழுவதும் திருப்புவதில்தான் இருக்கிறது. பழைய காலண்டர் அட்டையில் 36 துண்டு வெட்டி, பாதியில் மை பூசி, வீட்டுப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து அடுக்கிப் பாருங்கள். ஒரு மாலை போதும். பிடித்ததைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள்.

ஒரு அறையை வைத்துக் கணக்கு

8 அடிக்கு 5 அடிக் குளியலறை. சுவர் டைல் எல்லாம் போக 2,400க்கு 1,480 மி.மீ. தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். குறுகிய பக்கத்தில் வாசல், எதிர்க் கோடியில் குளியல்.

முதலில் 300 மி.மீ. டைல், 3 மி.மீ. இடைவெளி. அகலத்தின் நடுக்கோட்டில் இணைப்பு வரும்படி தொடங்கினால் 4 முழு டைல் 1,209 மி.மீ. எடுக்கும். இரண்டு ஓரத்திலும் 132 மி.மீ. துண்டு விழும். நடுக்கோட்டின் மேல் டைலின் வயிறு வரும்படி தொடங்கினால் 3 முழு டைலும் இரு பக்கமும் 284 மி.மீ. துண்டும். இரண்டாவதில் வெட்டியதே தெரியாது. தொடங்கும் புள்ளியை அரை டைல் நகர்த்தியதில் வந்த வித்தியாசம் இது. பாதிக்கும் குறைவான துண்டு ஓரத்தில் விழுந்தால் அரை டைல் நகர்த்துங்கள்.

இப்போது பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமான அந்த 200 மி.மீ. பாதிக்குப் பாதி டைல். 7 வைத்தால் 1,418 ஆகி, ஓரத்தில் 28 மி.மீ. கீற்று மிஞ்சும். அதை வெட்டினால் உடையும், ஒட்டினால் நிற்காது. 6 வைத்தால் 1,215, இரு பக்கமும் சுமார் 130 மி.மீ. மிஞ்சும். இதைக் குறையாக நினைக்க வேண்டாம். கோலத்தைச் சுற்றிக் காவி இழுக்கிறோமே, அந்தப் பட்டைக்கான இடம் இது. ஒற்றை நிறக் கரும் டைலை 130 மி.மீ. கீற்றாக வெட்டிச் சுற்றிலும் ஓட்டுங்கள். 6 இரட்டைப்படை என்பதால் இரண்டுக்கு இரண்டு அடுக்கு மூன்று சரியாக உட்காரும். நீளத்திலும் அதே 6 வைத்தால் 1,480 மி.மீ. சதுரத்தில் 9 வைரங்கள், சுற்றிலும் கரை.

மிஞ்சியது 920 மி.மீ. அதில் 75 மி.மீ. அகலக் கிரானைட் கீற்றை எல்லையாக வைத்து, மீதி ஏறக்குறைய 845 மி.மீ. நீளத்தைக் குளியல் பகுதியாக விடலாம். அங்கே கரையின் அதே நிறத்தில் மேட் மொசைக், ஜாலி அகலத்தின் நடுக்கோட்டில். உலர்ந்த பகுதி கிரானைட்டை நோக்கி 15 மி.மீ. சாயும், குளியல் பகுதி இன்னும் 17 மி.மீ. இறங்கும். வாசலிலிருந்து ஜாலி வரை மொத்தம் 30 மி.மீ. சொச்சம். இந்தத் தாழ்வு மேஸ்திரிக்கு முன்கூட்டியே தெரிந்தால்தான் தளத்தை அதற்கேற்பப் போடுவார். கிரானைட் கீற்று மேலே துருத்தாமல் சாய்வோடு சமமாக இருக்க வேண்டும். துருத்தினால் உலர்ந்த பகுதித் தண்ணீர் அங்கேயே நிற்கும்.

வாங்க வேண்டியது: பாதிக்குப் பாதி டைல் 36, உடைசலுக்கும் பின்னாளைக்கும் சேர்த்து 42. கரை 5.4 மீட்டர் சொச்சம். 300 மி.மீ. டைல் ஒன்றில் இரண்டு கீற்று கிடைக்கும், ஆக 9, கூடவே 2. பொதுவாக நேர் அடுக்குக்கு 10 சதவீதமும் 45 பாகை திருப்பிய அடுக்குக்கு 15 சதவீதமும் கூட்டி வாங்குங்கள். மொசைக் தாள் மெலிவாக இருக்கும். டைலுக்கும் அதற்கும் உள்ள கன வித்தியாசத்தை அடியில் கலவையால் சரிக்கட்ட வேண்டும் என்பதையும் சொல்லிவையுங்கள்.

நிறம்

மூன்று நிறத்துக்கு மேல் போக வேண்டாம். தூய வெள்ளையில் தலைமுடியும் செம்மண் கலந்த கிணற்று நீரும் தெரியும். தூய கறுப்பில் சோப்பும் உப்புக் கறையும் தெரியும். சாம்பல், மணல் நிறம், பழைய காவித் தரையின் மங்கிய சிவப்பு போன்ற இடைநிறங்கள் இரண்டையும் தாங்கும். டைலைக் கடை விளக்கில் பார்த்து முடிவெடுக்காமல் ஒன்றிரண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, நனைத்து, குளியலறை வெளிச்சத்திலேயே பாருங்கள்.

தரையில் இறக்குவது

நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு இரண்டு கை அடித்து, ஜாலியை அடைத்து 24 முதல் 48 மணி நேரம் தண்ணீர் கட்டி வைத்துக் கீழே கசிகிறதா என்று பார்த்த பிறகே டைல்.

நடுக்கோட்டை நூல் பிடித்துச் சுண்ணாம்புக் கோடாக அடியுங்கள். மூலைமட்டத்தால் குறுக்குக் கோடு ஒன்று. பேஸ்ட் கலக்கும் முன் எல்லா டைலையும் வெறுமனே அடுக்கி, வாசலில் நின்று பாருங்கள். திரும்பிப்போன டைல் எது என்று அப்போதே கண்ணில் படும். ஒவ்வொன்றின் முதுகிலும் வரிசை எண்ணும் மேல்பக்கம் எது என்று ஒரு அம்புக்குறியும் பென்சிலால் போட்டு எடுங்கள். இந்த ஒரு காரியத்தை மேஸ்திரியிடம் விடாமல் நீங்களே கூட நிற்க வேண்டும். அவர் கை வேகமானது, 36 டைலில் ஒன்று தலைகீழானாலும் கவனிக்க அவருக்கு நேரம் இருக்காது.

பேஸ்டைப் பல் கரணையால் ஒரே திசையில் இழுத்து, டைலின் முதுகிலும் மெலிதாகத் தடவி அழுத்தச் சொல்லுங்கள். நான்கு மூலையில் மட்டும் கலவை உருட்டி வைத்தால் அடியில் வெற்றிடம் இருக்கும், அதில் தண்ணீர் தங்கும். காய்ந்தபின் நாணயத்தால் தட்டினால் பொள்ளல் ஓசை காட்டிக்கொடுக்கும். 20 கிலோ மூட்டை சுமார் 50 சதுர அடிக்கு வரும். ரசமட்டத்தைச் சாய்வின் திசையில் அடிக்கடி வைத்துப் பாருங்கள். முதல் வரிசை நடுக்கோட்டில், அங்கிருந்து இரு பக்கமும், கரை கடைசியில்.

ஒரு நாள் கழித்து, டைல் இடைவெளிகளை நிரப்பும் கிரௌட். குளியலறைக்குச் சிமெண்டுக்குப் பதில் பிசினால் ஆன எபாக்ஸி கிரௌட்தான் என்பது என் முடிவு. விலை பல மடங்கு, ஆனாலும் எண்ணெய் இறங்காது. நம் வீடுகளில் ஆசிட் ஊற்றிக் கழுவும் பழக்கம் இருக்கிறது. சிமெண்ட் கிரௌட்டை அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும், அப்புறம் இணைப்பு வழியே தண்ணீர் இறங்கும். எபாக்ஸி இறுகும் முன் மேலே படிந்ததைத் துடைக்க வேண்டும், மறுநாளைக்கு என்று விட்டால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். நிறம் டைலின் இடைநிறத்தோடு ஒட்டி இருக்கட்டும். வெள்ளைக் கிரௌட் போட்டால் உங்கள் வைரங்களுக்கு மேல் ஒரு மீன்வலை விரித்தது போலத் தெரியும். தரையும் சுவரும் சேரும் மூலையில் கிரௌட் வேண்டாம், சிலிகான் போடுங்கள். அந்த இடம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் அசையும், கிரௌட் விரிந்துவிடும்.

எல்லாம் காய்ந்ததும் ஒரு வாளித் தண்ணீரை வாசல் பக்கம் ஊற்றிவிட்டு நின்று பாருங்கள். தேங்கும் இடம் இருந்தால் மேஸ்திரி ஊரில் இருக்கும்போதே அந்த டைலை எடுத்துப் போடலாம். மிஞ்சிய டைல்களைப் பெட்டியிலிருந்து கிழித்த தொகுதி எண் சீட்டோடும் உங்கள் கட்டத் தாளோடும் பரணில் ஏற்றி வையுங்கள். பின்னால் குழாய் மாற்ற ஒரு டைலை உடைக்க நேர்ந்தால், அது எந்தப் பக்கம் பார்த்து உட்கார வேண்டும் என்பது அந்தத் தாளில்தான் இருக்கும்.